ஐம்பது தட்டுக்கு ஒரு முகம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. புயலையும் மழையையும் எப்படியோ தாங்கிக்கொண்டோம். எங்கள் சோரியாங்குப்பத்தை மூழ்கடித்தது அதற்குப் பின்னால் வந்த தண்ணீர்தான். டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரையை மீறிக் குருவிநத்தத்துக்குள்ளும் எங்கள் ஊருக்குள்ளும் நுழைந்தது. வடிந்தபோது எல்லா வீட்டிலும் பீரோவின் கீழ்த்தட்டில் வண்டல் படிந்திருந்தது. பட்டுப்புடவை, பத்திரம், கல்யாண ஆல்பம் எல்லாம் இருக்கிற தட்டு அது.

பல வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவன் நான். அதனால் சேறு அப்பிய டிவிடிக்களை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் என் திண்ணைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு சாக்கு நிறையச் சேர்ந்துவிட்டது. நல்ல தண்ணீரில் அலசி, மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைத்து, நிழலில் காயவைத்தேன். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் வழியே நீளமாக ஓடி, படிக்கவே முடியாமல் போய்விடும். காய்ந்த தட்டுகளைத் தரம் பிரித்தபோதுதான், இத்தனை வருஷம் நான் ஒட்டியதும் எழுதியதும் அச்சடித்ததும் என்ன ஆயின என்று ஒரே இடத்தில் பார்த்தேன்.

கடைகளில் வாங்கிய சினிமாத் தட்டுகளின் முகம் அப்படியே இருந்தது. மார்க்கர் பேனாவில் நான் அவசரமாகக் கிறுக்கிய பெயர்களும் அழியவில்லை. காகித ஸ்டிக்கர் ஒட்டியவை ஊறி, ஓரம் சுருண்டு, பாதி பிய்ந்து, உள்ளே சேற்றை வாங்கிக்கொண்டிருந்தன. காய்ந்ததும் சிலவற்றில் தட்டே லேசாக வளைந்துவிட்டது. எல்லாவற்றிலும் அழகாக இருந்தவை, முழு வண்ணத்தில் மணமக்கள் படத்தோடு இங்க்ஜெட்டில் அச்சடித்தவை. அவற்றில் மை கரைந்து மஞ்சளும் ஊதாவுமாக வெறும் கறைதான் மிச்சம். பிளேயரில் போட்டால் படம் ஓடியது. யாருடைய கல்யாணம் என்று தெரிந்துகொள்ளத்தான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த அழகான வகையை எனக்குக் கற்றுக்கொடுத்தது யாழ்ப்பாணம்.

புதுச்சேரிக் கிராமங்களைப் பற்றி வெளியூரார் அதிகம் அறியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 1962இல் பிரெஞ்சிந்தியா சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய ‘சொல்தா’ குடும்பங்களும் உண்டு. எங்கள் பாகூர் பக்கத்திலும், பாரீசில் ஒரு காலும் ஊரில் ஒரு காலுமாக வாழ்கிற வீடுகளைப் பார்க்கலாம். ஊரில் நடக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் காதணிக்கும் வர முடியாதவர்களுக்குத் தட்டு போகும். அதே பாரீசில், லா ஷப்பேல் கடைத்தெருவைச் சுற்றி, 1980களிலிருந்து ஈழத்தமிழர்கள் குடியேறினார்கள். அவர்களுக்கும் ஊரிலிருந்து தட்டு வரும். இப்படி, சோரியாங்குப்பத்துத் தட்டும் யாழ்ப்பாணத்துத் தட்டும் ஒரே அடுக்குமாடியின் இரண்டு வீட்டு அலமாரிகளில் வந்து சேர்ந்தன.

விடுமுறைக்கு வந்த எங்கள் உறவுக்கார அத்தை ஒருத்தி, பக்கத்து வீட்டிலிருந்து கேட்டு வாங்கிவந்த ஒரு தட்டை என் முன்னால் வைத்தார். ஒரு யாழ்ப்பாணப் பெண்ணின் பூப்புனித நீராட்டு விழா. தட்டு முழுக்க வண்ணம். நடு ஓட்டையைச் சுற்றி வளையமாகப் பெயர், நாள், ஊர், மண்டபம். கீழே ஒரு சின்னக் கட்டத்தில் ‘பால்’ என்று ஒளிபரப்பு முறை. பிளாஸ்டிக் பெட்டிக்கும் தனியாக ஓர் அச்சுத்தாள். “ஏம்பா, நீ போட்டுத் தர்றதும் இதே டிவிடிதானே? இது மட்டும் எப்படி இப்படி இருக்கு?” என்று கேட்டார். என் தட்டில் கறுப்பு மார்க்கரில் மணமக்கள் பெயரின் முதல் எழுத்து இரண்டும், நடுவே ஒரு இதயமும் இருந்தன.

எங்கள் பக்கம் அப்படித்தான். வீடியோவுக்கு ஆர்டர் கொடுப்பவர் பேரம் பேசுவது ஆல்பத்துக்கு. எத்தனை பக்கம், கரிஷ்மா ஆல்பமா, பெட்டி உண்டா என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிடும். டிவிடி அதோடு கூட வருவது. “ரெண்டு காப்பி சேர்த்துக் கொடுங்க” என்பார்கள். மறுக்க முடியாது. வெற்றுத் தட்டு மலிவு என்பதும் அதற்குக் காரணம். மோசர்பேர் நிறுவனம் கிரேட்டர் நொய்டாவில் தட்டு தயாரித்துக்கொண்டிருந்த காலம் அது. உலகின் பெரிய தட்டு உற்பத்தியாளர்களில் ஒன்று. 50 தட்டு அடுக்கிய கேக் பாக்ஸ் பாண்டியிலும் கடலூரிலும் சாதாரணமாகக் கிடைத்தது. மலிவாகக் கிடைக்கும் பொருளுக்கு யாரும் முகம் வரைவதில்லை.

அதே மோசர்பேர் இன்னொரு வேலையும் செய்தது. 2007 வாக்கில் சினிமா விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. 34 ரூபாய்ப் படத்தின் முகத்தில் கதாநாயகன் பளபளவென்று நிற்க, பல ஆயிரம் கொடுத்து எடுத்த கல்யாணத் தட்டில் மார்க்கர் கிறுக்கல். வாடிக்கையாளர் கேட்டது நியாயமான கேள்வி. பதிலும் எனக்குத் தெரியும். சினிமாத் தட்டு ஆலையில் அச்சு வைத்து வார்ப்பது. முகத்தை ஸ்கிரீன் பிரிண்டிங்கிலோ ஆஃப்செட்டிலோ போட்டு, புற ஊதா ஒளியில் மையை நொடியில் இறுக்கிவிடுவார்கள். முன்செலவு பெரிது. அது பல்லாயிரம் தட்டுகளில் பிரிந்துவிடும். எனக்கு வேண்டியதோ ஒரு கல்யாணத்துக்கு ஐந்து, ஒரு தெருக்கூத்துக்கு ஐம்பது. திரௌபதி அம்மன் திருவிழாவில் இரவு முழுக்க நடக்கும் கூத்தைப் பதிவு செய்து, தீமிதி நாளில் கோயில் வாசலில் கொடுப்போம். அந்த ஐம்பதுக்காக எந்த ஆலையும் இயந்திரத்தை ஓட்டாது.

முதலில் காகித ஸ்டிக்கரைப் பிடித்துக்கொண்டேன். ஏ4 அளவுத் தாளில் இரண்டு வட்டம் வெட்டிய ஸ்டிக்கர் கிடைத்தது. வீட்டு இங்க்ஜெட்டில் அச்சடித்து, நடுவில் முளை வைத்த ஒரு சின்னக் கருவியில் தட்டைக் கவிழ்த்து அழுத்தினால் சரியாக உட்காரும். வாடிக்கையாளர் முகம் மலர்ந்தது. இரண்டு வருஷத்துக்குள் அதே தட்டுகள் திரும்பி வரத் தொடங்கின. “பாதியில நிக்குதுண்ணா” என்றார்கள்.

ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று. டிவிடி 1.2 மில்லிமீட்டர் தடிமன். 0.6 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் தகடுகள் இரண்டை ஒட்டி, நடுவில் தகவலை வைத்திருக்கிறார்கள். தடங்களுக்கு இடையிலான தூரம் சீடியில் 1.6 மைக்ரான், டிவிடியில் 0.74 மைக்ரான். அத்தனை நெருக்கமான தடத்தைப் படிக்கும் லேசருக்குத் தட்டு கொஞ்சம் சாய்ந்தாலும் பிடி தவறும். காகிதம் நம் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் விரிந்து, சித்திரையில் சுருங்கும். கூடவே தட்டையும் இழுக்கும். ஸ்டிக்கர் ஒரு மில்லிமீட்டர் விலகி உட்கார்ந்திருந்தால் எடை ஒரு பக்கம் சாயும். டிவிடி பிளேயரில் தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 570 முதல் 1,400 சுற்றுதான் சுற்றும் என்பதால் முதலில் ஓடிவிடும். கம்ப்யூட்டர் டிரைவ் 16 மடங்கு வேகத்தில் பத்தாயிரம் சுற்றை நெருங்கும்போது அதிரும். காரில் தட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் பிளேயரில் ஓரம் பிய்ந்த ஸ்டிக்கர் சிக்கினால், பிளேயரைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003இல் வெளியிட்ட தட்டு பராமரிப்புக் கையேடு, நாள்பட வைத்திருக்க வேண்டிய தட்டில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. அது எனக்குத் தெரியவந்தபோது நூற்றுக்கணக்கில் ஒட்டிக் கொடுத்து முடித்திருந்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. பாதியில் நின்ற ஒவ்வொன்றும் அந்தந்த வீட்டின் ஒரே பதிவு.

அத்தை கொண்டுவந்த யாழ்ப்பாணத் தட்டில் ஸ்டிக்கர் இல்லை. விரலால் தடவினால் விளிம்பு தட்டுப்படவில்லை. அது என்னவென்று எனக்குச் சொன்னவர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கீழ்ப்புத்துப்பட்டு ஈழ அகதி முகாமில் வளர்ந்த ஓர் அண்ணன். பாண்டியில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை பார்த்தார். யாழ்ப்பாணத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த உறவினர் ஒருவரோடு போனில் என்னைப் பேசவைத்தார். “தம்பி, எங்கட சனத்தில பாதி வெளியில. கலியாண வீட்டுக்கு வர ஏலாத ஆக்களுக்குத்தான் இந்தச் சீடி. கனடாவில ஒரு கொப்பி, லண்டனில ஒரு கொப்பி, பிரான்சில ஒரு கொப்பி. அவையள் முதல் பாக்கிறது அதின்ர முகத்தைத்தானே?” என்றார் அவர்.

வெள்ளை முகத் தட்டு, அதாவது இங்க்ஜெட் மையை உறிஞ்சும் பூச்சு போட்ட ‘பிரிண்டபிள்’ தட்டு, அதை நுழைக்க ஒரு பிளாஸ்டிக் தாங்கி இருக்கும் எப்சன் பிரிண்டர், இரண்டும் போதும் என்றார். நானும் வாங்கினேன். பிறகு மைத்தொட்டி வைத்த எல்800 வந்ததும், கார்ட்ரிட்ஜ் செலவுக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டிருந்த நிலை மாறியது. ஆறு வண்ணம். வெளி விட்டம் 118 மில்லிமீட்டர், உள் விட்டம் 22 என்று மென்பொருளில் ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் போதும். முதல் தட்டைச் சோதனைக்கென்று ஒதுக்கிவிடலாம்.

கருவி ஒன்றுதான். மனசு வேறாக இருந்தது. இலங்கையில் தட்டை அச்சில் ‘இறுவட்டு’ என்று எழுதுகிறார்கள், பேச்சில் சீடி என்றாலும். நாம் ‘குறுந்தகடு’ என்று எழுதி, யாரும் அப்படிப் பேசாமல் விட்டோம். ‘இறுவட்டு வெளியீட்டு விழா’ அங்கே ஒரு முழு நிகழ்வு. ஒரு கோயிலுக்குப் பக்திப் பாடல் தொகுப்பு வந்தால், மங்கல விளக்கேற்றி, ஆசியுரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை எல்லாம் உண்டு. முதற்பிரதியை ஊர்ப் பெரியவர் ஒருவர் பெற்றுக்கொள்வார். புத்தகத்துக்குச் செய்யும் மரியாதை அத்தனையும் தட்டுக்கும். மேடையில் எல்லாருக்கும் தெரிய உயர்த்திப் பிடிக்கும் பொருளுக்கு வெறும் முகம் பொருந்தாது.

அதற்கு முன்னோடி என்று எனக்குப் படுவது யாழ்ப்பாணத்துக் ‘கல்வெட்டு’. இறந்தவரின் 31ஆம் நாளில் அவர் வாழ்க்கைக் குறிப்பும் தேவார திருவாசகமும் சேர்த்து அச்சிட்டு, வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிறு நூல். குறைந்த பிரதி, ஒரே குடும்பத்துக்கானது, ஆனாலும் அட்டைப்படம், பெயர், திகதி, இடம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். குறைந்த பிரதியை அக்கறையாகச் செய்வதென்பது அங்கே அச்சகங்களுக்குப் பழகிய வேலை. நம் பக்கம் அப்படி ஒரு பழக்கம் பரவவில்லை. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுகிறோம், அது அடுத்த மழையோடு போய்விடும். சிவகாசி பக்கத்துத் தமிழ்நாட்டிலேயே இருந்தும், ஆயிரத்துக்குக் குறைந்தால் அச்சு கட்டாது என்ற எண்ணமே நம் தலையில் ஏறியிருக்கிறது.

இன்னொன்று பஞ்சத்தின் பாடம். யாழ்ப்பாணத்துக்கு வெற்றுத் தட்டு வெளியிலிருந்துதான் வர வேண்டும். 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் திறந்த ஏ9 பாதை 2006 ஆகஸ்டில் மூடப்பட்டபோது, யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியாகச் சரக்கு போக வழியில்லை. கப்பலில் வந்ததுதான் சரக்கு. அப்படி வந்த தட்டை அலட்சியமாக எரித்து, கிறுக்கி, கொடுத்துவிட மனம் வராது.

நான் அவர்களிடம் கற்றதில் உயர்வாக நினைப்பது வண்ணத்தை அல்ல, அந்தச் சின்னக் கட்டத்தை. இந்தியா, இலங்கை, ஐரோப்பா எல்லாவற்றுக்கும் தட்டு 625 கோடுகள் கொண்ட பால் முறையில். கனடாவும் அமெரிக்காவும் 525 கோட்டு என்டிஎஸ்சி. டொராண்டோவுக்குப் போகிற பிரதியைத் தனியாக மாற்றி எரிக்க வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். முகத்தில் எழுதாவிட்டால் மாறிப்போய், பிளேயர் கறுப்புவெள்ளையாகவோ உருளும் படமாகவோ காட்டும். அதோடு ‘1/3’, ‘2/3’ என்று பகுதி எண். நான் பத்து வருஷம் பெயரின் முதல் எழுத்தை மட்டும் எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் எஸ், ஆர் என்று தொடங்கும் தம்பதி எத்தனை பேர்!

எழுத்துரு விஷயத்தில் நாங்கள் இரு தரப்பும் பட்ட பாடு தனி. அந்த ஸ்டூடியோக்காரர் அன்போடு தன் மாதிரிக் கோப்பு ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பினார். திறந்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். அவர் பாமினி எழுத்துருவில் செய்திருந்தார். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் அன்று பாமினிதான் பொது. என்னிடம் இருந்தவை வானவில்லும் ஸ்ரீலிபியும். ஒவ்வொன்றும் ஆங்கில விசைகளின் மேல் தமிழை வேறு வேறு விதமாக உட்காரவைத்தவை. முகாம் அண்ணன் பாமினியைக் கணினியில் ஏற்றித் தந்து, “அனுப்பு முன்னம் எழுத்தை வடிவமா மாத்திப்போட்டு அனுப்பச் சொல்லும்” என்றார். கோரல்டிராவில் எழுத்தைக் கோடாக மாற்றினால் எங்கே திறந்தாலும் தமிழாகவே இருக்கும். இப்போது யுனிகோடு இருப்பதால் இந்தச் சிக்கல் குறைந்திருக்கிறது. பழைய கோப்புகளில் இன்னும் அப்படியே உறங்குகிறது.

இடையில் வேறு சிலவும் பார்த்தேன். எச்பி நிறுவனம் 2004இல் அறிவித்த லைட்ஸ்கிரைப், தட்டைக் கவிழ்த்துப் போட்டால் அதே லேசராலேயே முகத்தில் ஒற்றை நிறப் படம் பொறிக்கும். மை வேண்டாம். ஆனால் முழுப் படத்துக்கு ஒரு தட்டுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். ஐம்பது தட்டென்றால் ஒரு பகலும் இரவும். தனித் தட்டும் வேண்டும், வெளிச்சத்தில் மங்கவும் செய்யும். விட்டுவிட்டேன். ரிப்பனைச் சூடாக்கி எழுத்துப் பதிக்கும் காசியோ கருவி எழுத்துக்கு நல்லது, தண்ணீரில் அழியாது. எங்கள் பக்கம் ரிப்பன் தேடி அலைய வேண்டும்.

ஸ்கிரீன் பிரிண்டிங் மீது எனக்கு ஆசை அதிகம். மஞ்சள் பை, பத்திரிகை, விசிட்டிங் கார்டு என்று கடலூரிலும் பாண்டியிலும் ஸ்கிரீன் போடுகிறவர்களுக்குக் குறைவே இல்லை. நடு ஓட்டை 15 மில்லிமீட்டர். அந்த அளவில் ஒரு முளை வைத்த பலகை செய்தால், தட்டு நகராமல் உட்காரும். ஒரே நிறத்தில் கூத்துக் குழுவின் பெயரை ஐம்பது தட்டில் அரை மணியில் இழுத்துவிடலாம். ஆனால் மையைக் கவனிக்க வேண்டும். அசிட்டோன் போன்ற கரைப்பான் பாலிகார்பனேட்டில் பட்டால் தட்டு வெண்மை படர்ந்து நுண்விரிசல் விடும். மேலே பூச்சு இருக்கும் வெள்ளை முகத் தட்டில்தான் போட வேண்டும், அதையும் முதலில் ஒன்றில் போட்டு ஒரு வாரம் வைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியில் நான் வந்து நின்ற இடம் எல்லாவற்றையும்விட எளியது. வெள்ளை முகத் தட்டின் பூச்சு, நீர் கலந்த எந்த மையையும் உறிஞ்சும். சாதாரண ஸ்டாம்பு மை வெள்ளித் தட்டில் காயாமல் ஈஷிக்கொள்ளும், வெள்ளைத் தட்டிலோ சில நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். வட்ட ரப்பர் ஸ்டாம்பு ஒன்று செய்துகொண்டேன். ‘நிகழ்ச்சி’, ‘நாள்’, ‘ஊர்’, ‘பகுதி’, ‘முறை’ என்று ஐந்து வரி. நடுவே எதுவும் இல்லை. ஸ்டாம்பைக் குத்தி, வரிகளைப் பேனாவால் நிரப்பினால் ஐம்பது தட்டு ஒரு மாலைக்குள் முடியும். மின்சாரமும் வேண்டாம். பேனா மட்டும் நுனி மெத்தென்று, காய்ந்தபின் அழியாத நீர் அடிப்படை மை கொண்டதாக இருக்கட்டும். பால்பாயின்ட் கூடவே கூடாது. சீடியில் தகவல் மேல்பரப்புக்கு நேர் கீழே மெல்லிய அரக்குப் பூச்சின் அடியில் இருக்கிறது, அழுத்தி எழுதினால் அங்கேயே குழி விழும். டிவிடியில் நடுவில் இருப்பதால் கொஞ்சம் பாதுகாப்பு, அவ்வளவுதான்.

காசு கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பவருக்கு அட்டைத்தாளை அச்சடிக்கலாம். டிவிடி பெட்டியின் அட்டை 273க்கு 183 மில்லிமீட்டர், ஏ3 தாளில் இரண்டு அடங்கும், எந்த டிஜிட்டல் பிரிண்ட் கடையிலும் எடுக்கலாம். அழகு அங்கே இருக்கட்டும். தட்டின் முகத்தில் அடையாளம் இருந்தால் போதும்.

அழகையும் தட்டிலேயே வேண்டும் என்பவருக்கு இங்க்ஜெட்டேதான் வழி. வெள்ளம் கற்பித்த பாடத்தோடு அதைச் செய்ய வேண்டும். அச்சடித்த தட்டை ஓர் இரவு முழுக்கக் காயவிடுங்கள். வண்டிப் பெயின்ட் கடையில் கிடைக்கும் தெளிந்த அக்ரிலிக் ஸ்பிரேயை, அடிப்புறத்தில் ஒரு துளியும் படாமல் மூடி, தூரத்திலிருந்து மெல்லிய இரண்டு பூச்சாக அடியுங்கள். தடித்து அடித்தால் கரைப்பான் ஊறும். எல்800இன் சாய மை தண்ணீர் பட்டால் கரையும் வகை. அந்தப் பூச்சு இல்லாததால்தான் என் திண்ணையில் காய்ந்தவை கறையாக நின்றன. அந்த யாழ்ப்பாண ஸ்டூடியோக்காரரிடம் இதைச் சொன்னேன். “உங்கட ஆறு எங்களிட்ட இல்லைத் தம்பி, மாரி மழைக்கு மட்டும்தான் பயம். ஆனாலும் இனிப் பூசுறன்” என்றார்.

இப்போது இரண்டு ஊரிலும் பென் டிரைவ்தான் கேட்கிறார்கள். பெயர் எழுத அதில் விரல் நகத்தளவு இடம்கூடக் கிடையாது. மோசர்பேர் 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது. வெள்ளைத் தட்டுகளைத் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. எனக்கு இன்னும் தேவை இருக்கிறது. சாக்கில் வந்தவற்றில் ஓடுகிற எல்லாவற்றையும் கணினியில் இறக்கி, ஒரு பிரதி ஹார்டு டிஸ்கிலும் ஒரு பிரதி புதுத் தட்டிலும் வைத்துக்கொண்டிருக்கிறேன். முகம் கரைந்தவற்றுக்குப் பெயர் கண்டுபிடிப்பதுதான் நாள் பிடிக்கிற வேலை.

போன மாதம் அப்படி ஒரு தட்டைப் போட்டேன். பந்தல், வாழைமரம், பெண்ணழைப்பு. மணமக்கள் யாரென்று எனக்குப் பிடிபடவில்லை. கீழத்தெருப் பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பந்தியில் இலை போடுகிறவர் ஒருவரைப் பார்த்ததும் திரையைத் தொட்டு, “இவரு போயி பதினோரு வருஷம் ஆச்சுப்பா” என்றார். அந்த வீட்டுப் பெயரைச் சொன்னார். ஸ்டாம்பைக் குத்தி, ‘நிகழ்ச்சி’ வரியில் அவர் சொன்னதை எழுதினேன். நாள் அவருக்கு நினைவில்லை. அந்த வரியைக் காலியாக விட்டுத் தட்டை அவரிடமே கொடுத்தேன், அந்த வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லி.